சாதாக்கட்டி

பீன்யாவில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அளவு பார்க்கும் வேலை. தைத்து முடித்த சட்டையை மேசைமேல் விரித்து, காலர், தோள், மார்பு, கை நீளம் என்று ஒவ்வொன்றாக டேப் வைத்து, அளவுத்தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். கால் அங்குலம் கூடினால் திருத்தத்துக்குப் போகும். அதற்கு மேல் கூடினால் ரிஜெக்ட். இருபத்தோரு வருஷமாக இதைச் செய்கிறேன். ஆகையால் என் இடுப்பு ஒரே மாதத்தில் இரண்டு அங்குலம் கூடியதை நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கவனித்தேன், டைரியில் எழுதியும் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்தபின் அளப்பேன். முப்பத்து நான்கு. பிறகு முப்பத்தாறு. பிறகு முப்பத்தேழரை. வயிறு இப்படி ஏற ஏறக் கை மெலிந்தது. முழங்கை வரை வளையல் தாராளமாக ஏறி இறங்கியது. தொழிற்சாலையின் மூன்றாம் மாடிக்கு ஏற நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. மாதவிலக்கு முறை தவறி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டன் தைக்கும் மஞ்சுளா ஒருநாள் என் வயிற்றைப் பார்த்து, "அக்கா, இந்த வயசுல விசேஷமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் என் அக்கா சரோஜா. ஆறு வருஷத்துக்கு முன் இரைப்பைப் புற்றுநோயில் போனாள். கடைசி மாதங்களில் அவள் வயிறும் இப்படித்தான் நீர் கோத்து ஏறியது. அவளுக்கு நோயின் பெயரை நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை. "சாதாக்கட்டிதான்க்கா, மருந்துல கரைஞ்சிடும்" என்று சொன்னவள் நான். டாக்டரிடமும் முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்தேன்; அவரும் அவள் கட்டிலருகே வந்து, சாதாக்கட்டி என்றே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது என் டைரியை எடுத்துப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. அதனால் அந்த ஐந்து மாதமும் டைரியில்கூடப் பொய்யைத்தான் எழுதினேன். "அக்காவுக்கு இன்று கொஞ்சம் தேவலை" என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். தேவலையாக ஒரு நாளும் இருந்ததில்லை.

என் இடுப்பு முப்பத்தொன்பது அங்குலம் ஆன வாரத்தில், வேலைக்குப் போகும்போது மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என் கணவருக்குப் போன் செய்தார்கள். அவர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு முறைவைத்துக் காவிரித் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன். வால்வு திருகும் நீளச் சாவியைத் தோளில் போட்டபடியே வந்து சேர்ந்தார். தண்ணீர் வராத தெருக்காரர்கள் போனில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் என் ஊரைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே இடத்தில் கருவியை வைத்து மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். வலது சினைப்பையில் கெட்டியான கட்டி, பதினான்கு சென்டிமீட்டர் என்று எழுதித் தந்தார்கள். மனதுக்குள் மாற்றிப் பார்த்தேன்: ஐந்தரை அங்குலம். வயிற்றுக்குள் நீர். எக்ஸ்ரேயில் வலது மார்பிலும் நீர். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டாம். அவற்றின் நடுவே நீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடம் இருக்காது. எனக்கு மூச்சு வாங்கியது அதனால்தான். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு பொருளை அளப்பது அது. முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

எண்களைப் படிக்கத் தெரிந்தவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. ஆனாலும் வீட்டில் மறைத்தார்கள். மகள் திவ்யா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், அங்கேயே பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறாள். அன்று சாயங்காலமே பையோடு வந்துவிட்டாள். அந்தப் பரிசோதனைத் தாளை மட்டும் ஃபைலிலிருந்து எடுத்துத் தன் லேப்டாப் பையில் வைத்துக்கொண்டாள். நான் அதை ஏற்கனவே படித்து, டைரியிலும் குறித்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் மறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது அவளுக்கு ஏதோ ஒரு வேலையாக இருந்தது.

என்னுடைய தொழிலாளர் காப்பீட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். செலவைப் பற்றிய கவலை அவ்வளவில் தீர்ந்தது. பயத்துக்குக் காப்பீடு இல்லை. போய்ச் சேர்ந்த பிரிவின் பெயர்ப்பலகையில் 'ஆங்காலஜி' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. புற்றுநோய்ப் பிரிவு என்று அர்த்தம்; அது அக்கா காலத்திலேயே எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். அவர் வேகமாக முன்னால் போய், பலகைக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து என்னை உட்காரவைத்து, "இங்கதான் ஃபேன் காத்து வருது" என்றார். அங்கே ஃபேன் இல்லை, ஏ.சி.தான்.

நான்கு நாள் பரிசோதனைகள். எம்.ஆர்.ஐ. என்ற குழாய்க்குள் படுக்கவைத்தபோது மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, கையில் கொடுத்த மணியை இருமுறை அழுத்தினேன். மூன்றாம் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டையின் அளவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே முடித்தேன். மார்பு நீரை முதுகு வழியாக ஊசி போட்டு எடுத்தார்கள். முன்னால் மேசையைக் கட்டிப்பிடித்து உட்கார வேண்டும். மரத்துப்போக ஒரு ஊசி, அதன்பின் பெரிய ஊசி. ஏறக்குறைய ஒரு லிட்டர் வந்தது, வைக்கோல் நிறத்தில். என் கணவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கலங்கலே இல்ல வசந்தா, தெளிவா இருக்கு" என்றார். தண்ணீரைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த நிமிஷம் நம்பிக்கொண்டேன். அந்த நீரில் புற்றுநோய் அணுக்கள் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வயிற்று நீரிலும் இல்லை.

எனக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மா கன்னடக்காரர், என் வயதுதான் இருக்கும். எப்போதிலிருந்து வயிறு பெருத்தது என்று கேட்டார். டைரியைக் கொடுத்தேன். எண்களைப் புரியவைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், இதைப் படிக்கும் யாருக்காவது உதவும்.

சினைப்பையில் அபூர்வமாக ஒரு நார்க்கட்டி வரும். அது புற்றுநோய் இல்லை. வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் சிலருக்கு அந்தக் கட்டி வயிற்றிலும் மார்பிலும் நீர் கோக்கவைக்கும், ரத்தப் பரிசோதனையில் அந்த அளவையும் ஏற்றிவிடும். பார்ப்பதற்கு முற்றின புற்றுநோய் போலவே இருக்கும். கட்டியை எடுத்துவிட்டால் நீர் தானாக வற்றிவிடும். உங்களுக்கு அதுவாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், திறந்து பார்க்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். எதுவானாலும் அறுவை சிகிச்சை உண்டு. கட்டியை எடுத்தவுடன் ஒரு துண்டை உறையவைத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அரை மணியில் பதில் வரும். அதுவரை என் வயிறு திறந்தே இருக்கும். நார்க்கட்டி என்றால் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டு மூடிவிடுவார். இல்லையென்றால் வெட்டை மேலே நீட்டி, குடல்மேல் இருக்கும் கொழுப்புத் திரை, நிணநீர் முடிச்சுகள் என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

வெட்டு எதுவரை வரும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தாளில் ஒரு வயிறு வரைந்து காட்டினார். சாதாரணமாக இருந்தால் தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிடும். மற்றதென்றால் தொப்புளைத் தாண்டும். நான் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். கண் விழித்ததும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தொட்டுப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

அறுவை சிகிச்சை அன்று காலையில் திவ்யா எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். அங்கே அப்படித்தான் பின்னிக்கொண்டு போக வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு நான் போட்டுவிட்ட பின்னல் போல இறுக்கமாக இருந்தது. தாலியைக் கழற்றி என் கணவரிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டு, பையின் வாயில் ஊக்குக் குத்திக்கொண்டார். வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது கூரை விளக்குகளை எண்ணினேன். பதினேழு. கதவு மூடியபோது கத்த வேண்டும் போல இருந்தது. குளிரால் பல் கிட்டுகிறதா என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றேன்.

விழித்தபோது தொண்டை எரிந்தது. மூக்கில் குழாய். முதலில் கையைத்தான் தேடினேன். வலது கையில் ஊசி இருந்தது, இடது கையைப் போர்வைக்குள் விட்டேன். கீழே பிளாஸ்டர் தொடங்கும் இடம் தெரிந்தது. அதையே தடவிக்கொண்டு மேலே வந்தேன். தொப்புள் வந்தது. பிளாஸ்டர் முடியவில்லை. தொப்புளுக்கு மேல் நான்கு விரல் அளவுக்குப் போயிருந்தது.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூச்சு நன்றாக வந்தது, பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சு முழுக்க வந்தது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு, சரி, புற்றுநோய்தான் என்று நினைத்தேன்.

திவ்யா உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் காதருகே குனிந்து, "ம்மா, ஒண்ணுமில்லம்மா. சாதாக்கட்டிதாம்மா" என்றாள்.

அதே சொல். பெரியம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை நான் சொல்வதைப் பத்தொன்பது வயதில் அவள் கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். "அப்படியா கண்ணு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்து, உறையவைத்துப் பார்த்ததில் நார்க்கட்டி என்றுதான் வந்தது, பத்து நாளில் முழு ரிப்போர்ட் வரும், பயப்பட வேண்டாம் என்றார். வெட்டு ஏன் மேலே வந்தது என்று கேட்டேன். கட்டி கல்லுப் போல இருந்தது, உடைக்காமல் முழுசாக வெளியே எடுக்க இடம் போதவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டினேன் என்றார். சரியான காரணம்தான். அக்காவின் டாக்டரும் ஒவ்வொன்றுக்கும் சரியான காரணம் வைத்திருந்தார். எக்ஸ்ரேயில் மார்பு நீர் வற்றுகிறது என்றார்கள். அக்காவுக்கும் ஊசி போட்டபின் நாலு நாள் வற்றியிருக்கும்.

அதன்பின் வீட்டார் செய்த நல்லதெல்லாம் எனக்குச் சாட்சியாகிவிட்டது. என் கணவர் திட்டாமல் பேசுகிற மனிதர் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது குரலே மாறிவிட்டது. "வசந்தா, கஞ்சி கொஞ்சம் குடிக்கிறியா வசந்தா" என்று பேரை இரண்டு தடவை சொல்கிறார். கஞ்சி வேண்டாம் என்று தட்டிவிட்டேன், போர்வையில் கொட்டியது. ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்தார். அக்காவிடமும் கடைசியில் இப்படித்தான் பேசினார். அவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அன்பு என்று கணக்குப் போட்டேன்.

நான் அழவில்லை. அவர்கள் நடிப்பதை நான் கெடுக்கக் கூடாது என்று இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்ததும் டைரியைக் கேட்டு வாங்கினேன். திவ்யா எடுத்துப் பார்ப்பாள் என்று தெரியும். அவளுக்காக எழுதினேன்: "சாதாக்கட்டிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனது நிம்மதியாக இருக்கிறது." ஆறு வருஷத்துக்குப் பிறகு டைரியில் மறுபடி ஒரு பொய். எழுதிவிட்டு, நான் போனபின் அவளுக்கு வரன் பார்க்க எத்தனை மாதம் பொறுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பதினோராம் நாள் வயிற்று வெட்டை மூடப் போட்ட கம்பித் தையல்களை எடுக்க மருத்துவமனைக்குப் போனோம். முழு ரிப்போர்ட் தயார் என்று திவ்யாவுக்குச் செய்தி வந்திருந்தது. ஆபீஸ் முடிந்து சாயங்காலம் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதுவும் எனக்கு ஒரு சாட்சி. கம்பி எடுத்து முடித்ததும் என் கணவர் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மருந்துச் சீட்டோடு போனார். வீல்சேர் கொண்டுவருகிறேன், அசையாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்ட்டர் அதே தளத்தில், நீண்ட வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். ஃபைல் அட்டையைக் காட்டினேன். பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினாள்.

"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

நான்தான் என்று சொல்லியிருந்தால் தாளைக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பாள். நோயாளியிடம் யார் உண்மை பேசுவார்கள்?

"நாத்தனாரு" என்றேன்.

தாளை எடுத்துத் தந்தாள். ஆங்கிலம். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஆனால் அந்தச் சொற்கள் என் அளவுத்தாளில் வருகிறவை இல்லை. உள்ளிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்ட இளம் டாக்டர் ஒருத்தி வந்தாள். அவளிடம் தாளை நீட்டினேன். "அம்மா, அவகிட்ட நாங்க எதுவும் சொல்லமாட்டோம். அவ தாங்க மாட்டா. எனக்கு மட்டும் உள்ளதைச் சொல்லிடுங்க. எவ்வளவு நாளுன்னு தெரிஞ்சா நாங்க அதுக்குத் தக்கபடி பாத்துக்குவோம்." ஆறு வருஷத்துக்கு முன் பேசிய பேச்சு, ஒரு சொல்கூட மறக்கவில்லை.

அவள் இரண்டு பக்கமும் படித்தாள். "கேன்சர் இல்லியே" என்றாள். "ஃபைப்ரோமா. நார்க்கட்டி. கருப்பை, ரெண்டு சினைப்பை, தண்ணி எல்லாத்தையும் பார்த்திருக்காங்க. எதுலயும் கேன்சர் இல்ல. இதை எதுக்கு அவங்ககிட்ட மறைக்கிறீங்க? போய்ச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

"அவ நம்பமாட்டா" என்றேன்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை, அது எங்கே போவதென்று தெரியாமல் உடம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. என் கணவர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாளைக் காட்டினேன். "இந்தாங்க, கேன்சர் இல்லையாம். முழு ரிப்போர்ட்டு இது."

அவர் தாளைப் பார்க்கவில்லை. என் தலையைத் தடவினார். "ஆமா வசந்தா. அதான் அன்னைக்கே சொன்னாங்களே. எல்லாம் நல்லபடியா ஆயிடும் வசந்தா."

அதே குரல். அப்போதுதான் புரிந்தது.

"நீங்களும் நம்பலையா?"

வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன் முடிஞ்சு டாக்டரம்மா வெளிய வந்து திவ்யாகிட்ட இங்கிலீஷ்ல பேசினாங்க. அவ அப்படியே செவுத்துல சாஞ்சி அழுதா. அப்புறம் கண்ணைத் தொடைச்சிக்கினு வந்து, அப்பா, சாதாக்கட்டின்னா. எத்தினி அழுகை பாத்திருக்கேன் நானு. எனக்குத் தெரியாதா?"

"அது சந்தோஷத்துல அழுத அழுகை."

"உங்கக்காகிட்டயும் நீ சிரிச்சிக்கினுதான் சொன்ன."

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு வீல்சேரை அங்கேயே விட்டுவிட்டு வராந்தாவில் நடந்தார். நான் தடுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அவர் குனிவது தெரிந்தது. கை கூப்பினார். உள்ளேயிருந்து யாரோ இல்லை என்று தலையை ஆட்டினார்கள். அவர் மறுபடி ஏதோ கேட்டார், மறுபடி தலையாட்டல். திரும்பி வரும்போது முதலில் மெதுவாக வந்தார், பாதியில் வேகம் கூடியது. எனக்கு முன்னால் வந்து நின்றபோது முகம் சிவந்திருந்தது.

"எனக்கு ஏதுடி தங்கச்சி?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேஷண்டோட நாத்தனாரு இப்பதான் கேட்டுக்கினு போனாங்க, நீங்க யாருன்னு கேக்குது அந்தப் பொண்ணு. நான் இன்னான்னு சொல்றது? கம்பி புடுங்கி அரை மணி ஆவல, அவ்ளோ தூரம் தனியா நடந்திருக்க. விழுந்திருந்தா? அசையாதன்னு சொல்லிட்டுப் போனேனா இல்லியா? ஒரு நாளாவது எம்பேச்சக் கேட்டிருக்கியாடி நீ?"

வீல்சேரில் ஏற்றும்போது திட்டினார். லிப்டில் திட்டினார். ஆட்டோவில் ஏறியபின், இரட்டைப் பின்னலுக்கு வாங்கின ரிப்பனிலிருந்து கொட்டின கஞ்சி வரைக்கும் ஒன்று விடாமல் திட்டிக்கொண்டு வந்தார். நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது மட்டும் பேச்சை நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பச்சை விழுந்ததும் மறுபடி ஆரம்பித்தார்.